டேட்டாசெட்டை எங்கே பிரிப்பது?

புதிதாக டிஸ்க்குகளைப் போட்டு ஒரு சர்வரில் பூல் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த சேமிப்புக் கிடங்கு) அமைக்கும்போது எல்லோரும் முதலில் கணக்குப் போடுவது கொள்ளளவைத்தான். மிரர் (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதுவது) போட்டால் பாதி போய்விடுமே, ரெய்டு-இசட் 2 (இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் அமைப்பு) போட்டால் எவ்வளவு மிஞ்சும் என்றுதான் பேச்சு தொடங்கும். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் அதற்கு முன்பே உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த சர்வரில் எதை, எவ்வளவு சீக்கிரம், எந்த நேரத்து நிலைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் டேட்டாசெட்டுகளை (பூலுக்குள் இருக்கும் தனித்தனி ஃபைல் சிஸ்டங்களை) எப்படிப் பிரிப்பது, ஸ்னாப்ஷாட்டை (அந்தக் கணத்து நிலையின் உறைந்த பதிவை) எத்தனை மணிக்கு ஒருமுறை எடுப்பது, எதை வெளியே அனுப்புவது எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். பதில் தெரியாமல் தொடங்கினால் பேக்கப் என்பது பிற்பாடு ஒட்டுப்போடும் வேலையாகிவிடும்.

நான் அன்றாடம் புழங்குவது இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சிஸ்டம் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்துதான் வரும். பட்டர்எஃப்எஸ் (Btrfs) வைத்திருப்பவர்களுக்கும், டிஸ்க் இடத்தைப் பங்கிடும் எல்விஎம் (LVM) மேல் எக்ஸ்டி4 (ext4) போட்டிருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும்.

யூனிக்ஸில் ரொம்ப காலமாக இருந்த ஏற்பாடு இதுதான்: டிஸ்க்கைப் பார்ட்டிஷனாகப் பிரி, வேண்டுமானால் நடுவே ஒரு வால்யூம் மேனேஜரை வை, அதன் மேல் ஃபைல் சிஸ்டத்தைப் போடு. ஒவ்வொரு பிரிவுக்கும் எவ்வளவு இடம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். லாக், மெயில் போன்றவை சேரும் வார் பார்ட்டிஷன் நிரம்பி வழியும். பக்கத்திலேயே பயனர்களின் கோப்புகளுக்கான ஹோம் காலியாகக் கிடக்கும். 2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரென்ஸ் ஆகியோர் தொடங்கிய இசட்எஃப்எஸ் இந்த அடுக்குகளை ஒன்றாக்கியது. எல்லா டிஸ்க்கும் ஒரே பூல், அதிலிருந்து எத்தனை ஃபைல் சிஸ்டம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2005 நவம்பரில் மூலநிரல் சன்னின் திறந்த மூல இயங்குதளமான ஓப்பன்சோலாரிஸில் வெளிவந்தது, 2008-ல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 7.0 பதிப்பு அதைச் சேர்த்துக்கொண்டது. 2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்கியபின் வெளிப்படையான வளர்ச்சி நின்றுபோக, மற்றவர்கள் எடுத்து நடத்தி, 2013-ல் ஓப்பன்இசட்எஃப்எஸ் என்று ஒரு குடையின் கீழ் வந்தார்கள். 2020-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் ஒரே மூலநிரல்தான்.

இதனால் நடைமுறையில் என்ன மாறியது என்றால், ஒரு ஃபைல் சிஸ்டத்தை உருவாக்குவது கிட்டத்தட்ட ஒரு டைரக்டரியை உருவாக்குவதைப் போல ஆகிவிட்டது. அளவு சொல்ல வேண்டாம், முன்கூட்டி இடம் ஒதுக்க வேண்டாம். அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? பலரும் இந்த இடத்தில் யோசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். 'டேங்க்' என்று ஒரு பூல், அதற்குள் 'டேட்டா' என்று ஒரே டேட்டாசெட், உள்ளே எல்லாம் என்று முடித்துவிடுவார்கள். ஸ்னாப்ஷாட் எடுப்பதும், ரோல்பேக் செய்வதும் (பழைய ஸ்னாப்ஷாட்டின் நிலைக்குத் திருப்புவதும்), வேறு சர்வருக்கு அனுப்புவதும் டேட்டாசெட் அளவில்தான் நடக்கும் என்பது பிறகுதான் உறைக்கும். டேட்டாபேஸை ஒரு மணி நேரம் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்றால், அதே டேட்டாசெட்டில் இருக்கிற மெயிலும், யாரோ இப்போதுதான் சேமித்த ஆவணமும் சேர்ந்தே பின்னால் போகும்.

ஆகவே நான் பிடித்துக்கொண்டிருக்கிற விதி சுலபமானது: சேர்ந்து திரும்ப வேண்டியவை ஒரே டேட்டாசெட்டில்; தனித்தனியாகத் திரும்ப வேண்டியவை தனித்தனியாக.

இதற்கு நல்ல உதாரணம் ஃப்ரீபிஎஸ்டி இன்ஸ்டாலர் தானாகவே போட்டுக்கொடுக்கும் அமைப்பு. அதில் இயங்குதளம் முழுக்க 'ரூட்' என்ற கிளைக்குக் கீழே 'டிஃபால்ட்' என்ற டேட்டாசெட்டில் இருக்கும். ஹோம் தனி. வாருக்குள் இருக்கும் லாக், மெயில், ஆடிட், கிராஷ் ஆகியவையும் தனித்தனி. சரி, வார் என்ன ஆயிற்று? அந்தப் பெயரிலும் ஒரு டேட்டாசெட் இருக்கிறது, ஆனால் மவுண்ட் ஆகக்கூடாது (டைரக்டரி மரத்தில் இணையக்கூடாது) என்று 'கேன்மவுண்ட்' ஆஃப் செய்யப்பட்டிருக்கும். அது கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு மவுண்ட் ஆகும் இடத்தைச் சொல்வதற்காக மட்டும் இருக்கிறது. வார் டைரக்டரியில் மிச்சமிருப்பவை, குறிப்பாக எந்தெந்த பேக்கேஜ் நிறுவப்பட்டிருக்கிறது என்ற தரவுத்தளம், இயங்குதள டேட்டாசெட்டுக்குள்ளேயே விழுகின்றன. காரணம் இதுதான்: அப்கிரேடு சொதப்பிப் பழைய பூட் சூழலுக்கு, அதாவது முன்பு எடுத்துவைத்த இயங்குதளப் பிரதிக்கு, திரும்பினால் பைனரிகளோடு (நிரல் கோப்புகளோடு) அந்தப் பட்டியலும் சேர்ந்து திரும்ப வேண்டும். இல்லையென்றால் பைனரி பழையது, பட்டியல் புதியது என்று சிஸ்டமே குழம்பிவிடும். அதே நேரத்தில் லாக் திரும்பக்கூடாது. அப்கிரேடு ஏன் சொதப்பியது என்பது அந்த லாக்கில்தானே இருக்கிறது! மீட்பை மனதில் வைத்துத்தான் ஒருவர் இந்தக் கோடுகளைப் போட்டிருக்க வேண்டும் என்று இதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். முதன்முதலில் புரிந்தபோது எனக்கு உண்மையான சந்தோஷமாக இருந்தது.

டேட்டாபேஸில் இது இன்னும் நுணுக்கமாகிறது. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் தரவு ஒரு பக்கம், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவான வால் (WAL) ஒரு பக்கம். வேகத்துக்காக இரண்டையும் வெவ்வேறு டேட்டாசெட்டில் வைத்து ரெக்கார்டு அளவை (ஒரே துண்டாக எழுதும் அளவை) மாற்றுவது வழக்கம். தப்பில்லை. ஆனால் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது இரண்டும் ஒரே கணத்தில் உறைந்தாக வேண்டும். தரவை ஒரு வினாடியிலும் வாலை அடுத்த வினாடியிலும் எடுத்தால் அந்த இரண்டையும் சேர்த்து டேட்டாபேஸ் எழுந்து நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டுக்கும் பொதுவான பெற்றோர் டேட்டாசெட் ஒன்றை வைத்து, ஸ்னாப்ஷாட் கட்டளைக்கு 'மைனஸ் ஆர்' சேர்த்தால் கீழே உள்ள எல்லாம் ஒரே கணத்தில் பிடிபடும். அப்படி எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து தொடங்கும் போஸ்ட்கிரஸ், மின்சாரம் போய்த் திரும்பி வந்ததாகவே நினைத்துக்கொண்டு வாலை ஓட்டிச் சரிசெய்துகொள்ளும். ஒரே கட்டளையில் ஒரே ஓர் எழுத்து. மீட்பு நடக்குமா நடக்காதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

ஸ்னாப்ஷாட் என்று வந்துவிட்டால் இடக் கணக்கையும் பேசியாக வேண்டும். நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. தரவை பிளாக் என்ற துண்டுகளாக வைக்கும் இசட்எஃப்எஸ் பழைய பிளாக்கின் மேல் எழுதாது. புதிய இடத்தில் எழுதிவிட்டுச் சுட்டியை மாற்றும். ஸ்னாப்ஷாட் என்பது அந்தப் பழைய பிளாக்கை விட்டுவிடாதே என்று சொல்லிவைப்பது மட்டுமே. அதனால்தான் ஒரு கணத்தில் எடுத்துவிட முடிகிறது. அதனால்தான் பெரிய கோப்பை அழித்தபின்னும் இடம் திரும்பாமல் இருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் எதிரே 'யூஸ்டு' என்று ஒரு எண் தெரியும். அது அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கு மட்டுமே சொந்தமான இடம். 500 ஜிகாபைட் கோப்பு ஒன்று இரண்டு ஸ்னாப்ஷாட்டில் இருந்து, நடப்பில் அழிக்கப்பட்டிருந்தால், அந்த 500 இரண்டிலுமே கணக்கில் வராது. இரண்டையும் பார்த்தால் சில கிலோபைட்தான் இருக்கும், பூலோ நிரம்பிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, 'டெஸ்ட்ராய்' கட்டளைக்கு 'மைனஸ் என்', 'மைனஸ் வி' இரண்டும் சேர்த்து, முதல் ஸ்னாப்ஷாட்டின் பெயருக்கும் கடைசி ஸ்னாப்ஷாட்டின் பெயருக்கும் நடுவே சதவீதக் குறி போட்டு ஒரு வரம்பாகக் கொடுப்பது. எதையும் அழிக்காமல், அந்த வரம்பு முழுவதையும் எடுத்தால் எவ்வளவு இடம் திரும்பும் என்று சொல்லிவிடும்.

பூல் முழுக்க நிரம்ப விடக்கூடாது என்பது சும்மா சொல்லும் பேச்சில்லை. புதிய இடத்தில் எழுதியே பழகிய ஃபைல் சிஸ்டத்துக்கு ஒரு கோப்பை அழிக்கவும் கொஞ்சம் காலி இடம் வேண்டும். இதற்காகவே பூலின் 32-ல் ஒரு பங்குவரை அது தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. நான் அதற்கு மேலும் ஒரு காலி டேட்டாசெட்டை உருவாக்கி, அதில் சில ஜிகாபைட்டுக்கு ரிசர்வேஷன் போட்டுவைப்பேன். இடமே இல்லாமல் சர்வர் திணறும்போது அந்த ரிசர்வேஷனை எடுத்துவிட்டால் கை வைக்க இடம் கிடைக்கும். டெம்ப், பில்டு கேஷ் போன்றவற்றைத் தனி டேட்டாசெட்டாக்கி ஸ்னாப்ஷாட்டிலிருந்து விலக்கிவிடுவதும் இதற்காகத்தான். தினமும் எழுதி அழிக்கும் குப்பையை ஸ்னாப்ஷாட்டுகள் வாரக்கணக்கில் பிடித்துவைத்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

டிஸ்க்குகளை அடுக்குவது பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது, நான் சுருக்கமாகவே சொல்கிறேன். பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் 1988-ல் பெர்க்லியிலிருந்து ரெய்டு பற்றி எழுதியபோது அவர்கள் தேடியது மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்து வேகத்தையும் நம்பகத்தையும் பெறுவதற்கான வழி. ஒரு டிஸ்க் செத்தாலும் சேவை நிற்காமல் இருப்பதற்கு ரெய்டு உதவும். தவறாக அழித்ததை, தவறாக எழுதியதை, தீயில் போனதை அது திருப்பித் தராது. பூலில் டிஸ்க்குகள் 'வீடெவ்' எனப்படும் குழுக்களாக இருக்கும். ஒரு குழு முழுதாகப் போனால் பூலே போய்விடும். இதனால் 'ஆட்' என்ற கட்டளைக்கும் 'அட்டாச்' என்ற கட்டளைக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. இருக்கிற டிஸ்க்குக்குத் துணையாக மிரர் சேர்ப்பது அட்டாச். ஆட் என்றால் அந்த ஒற்றை டிஸ்க் எந்தத் துணையும் இல்லாத தனிக் குழுவாகப் பூலில் நுழைந்துவிடும். பூலில் ரெய்டு-இசட் இருந்தால் அதைத் திரும்ப வெளியே எடுக்கவும் முடியாது. ஆட் கட்டளையை 'மைனஸ் என்' போட்டு ஒத்திகை பார்த்துவிட்டு ஓட்டுங்கள். அதற்கு முன்பு பூல் செக்பாயிண்ட் ஒன்றும் எடுத்துவையுங்கள். அதை வைத்து முழுப் பூலையும் அந்த நொடிக்குத் திருப்பலாம். ரெய்டு-இசட் குழுவுக்குள் ஒரு டிஸ்க்கைக் கூட்டி விரிவாக்கும் வசதி 2025-ல் வந்த 2.3 பதிப்பில்தான் கிடைத்தது. அதற்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் நிறையப் பேர்.

மிரரா ரெய்டு-இசட்டா என்ற கேள்வியிலும் நான் மீட்பு நேரத்தைத்தான் பார்ப்பேன். செத்ததற்குப் பதிலாகப் போடும் 20 டெராபைட் டிஸ்க் ஒன்றை நிரப்ப, வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினால்கூட ஒரு லட்சம் வினாடி, அதாவது 28 மணி நேரத்துக்கு அருகில் ஆகும். நிஜத்தில் அந்த வேகம் கிடைக்காது. அந்த நேரம் முழுக்க மற்ற டிஸ்க்குகள் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கும். பெரிய டிஸ்க்குகளில் ஒற்றைப் பாரிட்டியை (ஒரே ஒரு டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் அமைப்பை) நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஸ்க்ரப் விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) உண்டு. அந்தச் செக்சம் பிளாக்கோடு சேர்ந்து இருப்பதில்லை. அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் இருக்கும். ஆகவே டிஸ்க் தவறான இடத்திலிருந்து வேறொரு பிளாக்கை எடுத்துக் கொடுத்து அது உள்ளுக்குள் சரியாகவே இருந்தாலும் பொருந்தாது, பிடிபட்டுவிடும். ஸ்க்ரப் என்பது பூலில் இருக்கும் எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பது. யாரும் திறக்காத பழைய கோப்பில் இருக்கும் சிதைவைத் துணை டிஸ்க்கில் நல்ல பிரதி இருக்கும்போதே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஸ்டேட்டஸ் கட்டளையின் வெளியீட்டில் டிஸ்க் பெயருக்கு எதிரே 'ரீட்', 'ரைட்', 'செக்சம்' என்று மூன்று எண்கள் வரும். அவற்றைப் படிக்கப் பழகிக்கொள்வது ஒரு கலை. ஒருமுறை ஸ்க்ரப் முடிந்தபின் நான்கு டிஸ்க்குகளில் செக்சம் நெடுவரிசையில் மட்டும் எண்கள் ஏறியிருந்தன. ரீட், ரைட் இரண்டும் பூஜ்யம். டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் எந்த டிஸ்க்கும் செக்டர் கெட்டதாகச் சொல்லவில்லை. நான்கு டிஸ்க்குகள் ஒரே நாளில் ஒரே மாதிரி கெடுவது அரிது. அந்த நான்குக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்தால், நான்கும் கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒரே கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தன. ஸ்மார்ட்டில் சிஆர்சி பிழைகளின் (தரவு கேபிளில் போகும்போது வரும் பிழைகளின்) எண்ணிக்கையும் அந்த நான்கிலும் ஏறியிருந்தது. கேபிளை மாற்றி, எண்ணிக்கையை 'கிளியர்' செய்து, மறுபடி ஸ்க்ரப் ஓட்டினேன். சுத்தமாக வந்தது. ஒரு டிஸ்க்கில் மட்டும் எண் ஏறினால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். பலவற்றில் ஒன்றாக ஏறினால் கேபிள், கன்ட்ரோலர், பவர் சப்ளை, நினைவகம் என்று மேலே போய்த் தேடுங்கள். அவசரப்பட்டு டிஸ்க்கைக் கழற்றினால், கெட்ட கேபிள் வழியாகவே ரீசில்வர் (புது டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்புவது) நடக்கும். அது இன்னும் ஆபத்து.

செக்சம் இருப்பதால் எல்லாம் பிடிபட்டுவிடும் என்று நம்புகிறவர்களுக்கு 2023 நவம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2 வந்து சில வாரங்களில், காப்பி எடுத்த சில கோப்புகளின் நடுவே வெறும் பூஜ்யங்கள் இருப்பதாகப் புகார் வந்தது. முதலில் அந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்ந்த பிளாக் குளோனிங் (காப்பி எடுக்கும்போது அதே பிளாக்கைப் பகிர்ந்துகொள்ளும்) வசதியைச் சந்தேகித்து 2.2.1-ல் அதை அணைத்து வைத்தார்கள். தோண்டிப் பார்த்தபோது வேர் வேறெங்கோ இருந்தது, அதுவும் ரொம்பப் பழையதாக. அப்போதுதான் எழுதப்பட்ட கோப்பில் எங்கே தரவு, எங்கே ஓட்டை (எதுவும் எழுதப்படாத இடம்) என்று கேட்கும்போது, மிக அரிதான ஒரு நேரப் பொருத்தத்தில் தரவு இருக்கும் இடத்தை ஓட்டை என்று சொல்லிவிடும் பிழை அது. காப்பி செய்யும் நிரல் அதை நம்பிப் பூஜ்யங்களை எழுதும். அந்தப் பூஜ்யங்களுக்குச் சரியான செக்சம் போடப்படும். ஸ்க்ரப் ஓட்டினால் எல்லாம் நலம் என்றுதான் வரும்! 2.2.2, 2.1.14 பதிப்புகளில் சரிசெய்தார்கள். நான் இசட்எஃப்எஸ்ஸை இன்றும் முழு மனதோடு நம்பி வைத்திருக்கிறேன். அந்தப் பிழையைத் துரத்தியவர்கள் பொதுவெளியில் படிப்படியாக வேலை செய்ததைப் பார்த்தபின் மரியாதை கூடியது. ஆனால் முக்கியமான தரவின் ஒரு பிரதியாவது முற்றிலும் வேறு மென்பொருள் வழியாக, வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து இன்னும் அழுத்தமாகச் சொல்லிவருகிறேன். ரெஸ்டிக், போர்க் இரண்டும் இதற்கு நல்ல கருவிகள். கோப்புகளைத் துண்டாக்கி, ஒரே துண்டு இரண்டு முறை சேராமல் பார்த்து, குறியாக்கம் செய்து வைக்கும். பழைய நிலைகளையும் காப்பாற்றும். கோப்புகளை வேறு இடத்தோடு ஒத்திசைக்கும், 1996-லிருந்து இருக்கிற ஆர்சிங்க் அருமையான கருவிதான், ஆனால் 'டெலீட்' விருப்பத்தோடு அதைத் தினமும் ஓட்டினால் இங்கே நடந்த விபத்து இன்றிரவே அங்கேயும் நடந்துவிடும்.

இசட்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே இருக்கும் 'சென்ட்', 'ரிசீவ்' ஜோடியைப் பற்றிச் சில விஷயங்கள். இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு நடுவே மாறிய பிளாக்குகளை மட்டும் எடுத்து அனுப்புவதால் கோடிக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தாலும் மரம் முழுக்க நடந்து பார்க்க வேண்டிய வேலை இல்லை. அதன் வேகத்துக்கு ஆர்சிங்க் ஈடு கொடுக்காது. ஆனால் இரு முனையிலும் ஒரு பொது ஸ்னாப்ஷாட் இருந்தால்தான் அடுத்த தவணை போகும். தானாகச் சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட் அதை அழித்துவிடாமல் இருக்க 'ஹோல்டு' போட்டுவைக்கலாம், அல்லது மூல முனையில் 'புக்மார்க்' ஆக்கிவைக்கலாம். புக்மார்க் அந்தக் கணத்தை மட்டும் குறித்துவைக்கும், தரவு பிளாக்குகளைப் பிடித்துவைக்காது. பெறும் பக்கத்தில் 'ரீட்ஒன்லி' ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் யாரோ உள்ளே போய் ஒரு கோப்பைப் படித்தாலே அணுகிய நேரம் மாறி, அடுத்த தவணை வரும்போது இலக்கு மாறிவிட்டது என்று நின்றுபோகும். அப்போது 'மைனஸ் பெரிய எஃப்' போடச் சொல்லிப் பல இடங்களில் அறிவுரை இருக்கும். அது அங்கே பிற்பாடு வந்த ஸ்னாப்ஷாட்டுகளையும் தூக்கி எறியும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். இன்னொன்று, 'பெரிய ஆர்' போட்டு அனுப்பினால் மவுண்ட் ஆகும் இடம் உட்படப் பண்புகளும் சேர்ந்து போகும். வார் என்று மவுண்ட் ஆக வேண்டியது பேக்கப் சர்வரின் சொந்த வார் மேலேயே போய் உட்கார்ந்தால் அந்த சர்வர் தடுமாறும். பெறும்போது 'மைனஸ் யூ' போடுவதும், மவுண்ட் பண்பை விலக்குவதும் பழக்கமாகிவிட வேண்டும்.

யார் யாரை அழைப்பது என்பதும் முக்கியம். முதன்மை சர்வர் பேக்கப் சர்வருக்குள் நுழைந்து தள்ளுவதை விட, பேக்கப் சர்வர் வந்து இழுத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன். முதன்மையில் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) வரை யாரோ புகுந்துவிட்டாலும் அங்கிருந்து பேக்கப்பை அழிக்க வழி இருக்கக்கூடாது. 'அலவ்' கட்டளையால் சாதாரணப் பயனர் ஒருவருக்கு 'சென்ட்' உரிமை மட்டும் கொடுத்தால் இழுப்பதற்கு அது போதும். குறியாக்கம் செய்த டேட்டாசெட் என்றால் 'ரா' முறையில் (குறியாக்கத்தைப் பிரிக்காமல் அப்படியே) அனுப்பலாம். சாவி மறுமுனைக்குப் போகவே வேண்டாம். அந்த முனையும் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தபோது, அசலையும் பேக்கப்பையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

பேக்கப்பை எடுக்கும் ஸ்கிரிப்டும் ஆபத்தில்லாத பொருளன்று. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் சுமார் 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. அழித்தது பேக்கப் ஸ்கிரிப்ட். 10 நாளைக்கு மேல் பழைய லாக் கோப்புகளை 'ஃபைண்ட்' கொண்டு அழிக்கும் பகுதி அதில் இருந்தது. அந்த ஸ்கிரிப்டைத் திருத்தி, மாறி ஒன்றின் பெயரைப் படிக்க வசதியாக மாற்றி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே கோப்பின் மேல் புதியதை எழுதிவிட்டார்கள். ஸ்கிரிப்டுகளை ஓட்டும் நிரலான பேஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, ஓட ஓடப் படிக்கும். பாதியில் புதிய வரிகள் வந்தன. அவற்றில் இருந்த மாறிக்கு மதிப்பே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. லாக் டைரக்டரியைத் தேட வேண்டிய ஃபைண்ட், பயனர்களின் கோப்புகள் இருந்த டைரக்டரியில் அழிக்க ஆரம்பித்துவிட்டது. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் நான்கு குழுக்களின் தரவைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. இதைப் படித்தவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். ஸ்கிரிப்டின் தலையில் 'செட் மைனஸ் யூ' போட்டு, மதிப்பில்லாத மாறி வந்தால் அங்கேயே நிற்கச் செய்யுங்கள். ஸ்கிரிப்டை மாற்றும்போது புதிய பெயரில் எழுதி, 'எம்வி' கொண்டு இடம் மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருப்பது பழைய ஐநோடையே (டிஸ்க்கில் இருக்கும் பழைய கோப்பையே) பிடித்துக்கொண்டு முடித்துவிடும்.

பேக்கப் ஓடவில்லை என்பது நமக்கு எப்படித் தெரியவரும்? தோல்வியடைந்தால் மெயில் வரும் என்று வைத்திருப்பார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் முதன்மை டேட்டாபேஸ் டைரக்டரி தவறுதலாக அழிக்கப்பட்டது. 300 ஜிகாபைட்டில் சுமார் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியது. திரும்பப் பார்த்தால், தினசரி எடுக்க வேண்டிய டம்ப் (டேட்டாபேஸின் முழுப் பிரதி) பல நாளாக எடுபடவே இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் கருவி 9.2 பதிப்பு, ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. பிழையைச் சொல்ல வேண்டிய மெயில்களைப் பெறும் பக்கம் நிராகரித்திருக்கிறது. யாரோ வேறு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த ஆறு மணி நேரப் பழைய எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதனால்தான் நாமெல்லாம் கற்றுக்கொள்ள முடிகிறது. நான் தோல்விச் செய்தியை நம்புவதை விட்டுவிட்டேன். பேக்கப் முனையில் ஒவ்வொரு டேட்டாசெட்டின் கடைசி ஸ்னாப்ஷாட்டுக்கு வயது என்ன என்று வெளியிலிருந்து ஒரு கண்காணிப்பு நிரல் கேட்கும். 26 மணி நேரத்தைத் தாண்டினால் அலாரம். ஸ்கிரிப்ட் செத்தாலும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் நின்றாலும், மெயில் போகாவிட்டாலும் வயது ஏறத்தான் செய்யும்.

அப்புறம் மீட்டுப் பார்ப்பது. ஒரு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்தியடைவது போதாது. டேட்டாபேஸின் பிரதியைத் தனி இயந்திரத்தில் இறக்கி, போஸ்ட்கிரஸை எழுப்பி, நேற்று வந்த கடைசி வரிசை அதில் இருக்கிறதா என்று கேள்வி கேட்க வேண்டும். கோப்புகளில் தோராயமாகச் சிலவற்றை எடுத்து அசலோடு ஷா-256 செக்சத்தை ஒப்பிட வேண்டும். கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். வினாடிக்கு ஒரு ஜிகாபிட் இணைப்பில் நடைமுறையில் 110 மெகாபைட் அளவுதான் கிடைக்கும். 10 டெராபைட் இறங்க 25 மணி நேரம். 100 மெகாபிட் என்றால் பத்து நாளுக்கு மேல். இந்தக் கணக்கைத் தாளில் போட்டு, சேவையை நம்பியிருப்பவர்களிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஒருவேளை அவர்களே இன்னொரு இணைப்புக்கு ஒப்புக்கொள்வார்கள்.

இந்த 25 மணி நேரத்திலும் டேட்டாசெட் பிரிவு வேலை செய்கிறது. எல்லாம் ஒரே டேட்டாசெட்டாக இருந்தால் ரிசீவ் முழுதாக முடியும்வரை மவுண்டே ஆகாது. பிரித்து வைத்திருந்தால் 200 ஜிகாபைட் டேட்டாபேஸ் முதலில் இறங்கும், அரை மணி நேரத்தில் சேவை எழுந்துவிடும். வீடியோக் கிடங்கும் பழைய ஆவணங்களும் பின்னால் வந்துகொண்டிருக்கும். அந்த வரிசையை டேட்டாசெட்டிலேயே ஒரு பயனர் பண்பாக, பெயரில் முக்காற்புள்ளி வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிவைக்கிறேன். அனுப்பும்போது 'மைனஸ் பி' சேர்த்தால் அதுவும் பேக்கப் முனைக்குப் போய்விடும். அசல் சர்வர் முழுதாகப் போனாலும் எது முதலில் என்று பேக்கப் சர்வரையே கேட்டுக்கொள்ளலாம். குறியாக்கச் சாவியை மட்டும் இந்த இரண்டு சர்வரிலும் வைக்காமல் மூன்றாவதாக ஓரிடத்தில், இரண்டு பேருக்குத் தெரியும்படி வைத்திருங்கள்.